நாட்டுப்புற கச்சேரி நடத்துறோம், சங்கமா பதியலாமா?

கேள்வி: மதுரைல நாங்க ஏழெட்டு பேரு, எல்லாரும் வேலைக்கு போறவங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம்னு வைக்கிறோம், டிக்கெட் கிடையாது, துண்டு ஏந்துறதுதான். கலைஞர்களுக்கு சம்பளம், பஸ் சார்ஜ் போக கைல ஒண்ணும் நிக்கல. பதிஞ்சா டொனேஷன் வருமா?

பதில் 1: தாராளமா பதிங்க, 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தா போதும். ஆனா பதிஞ்சதும் வரிவிலக்கு தானா வந்துடாது, சங்கத்து வருமானத்துக்கு ஒண்ணு, டொனேஷன் குடுக்கிறவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு விலக்குக்கும் தனியா அப்ளை பண்ணணும், அதுலயும் 2000 ரூபாய்க்கு மேல கேஷா வாங்கினா குடுத்தவருக்கு விலக்கு கிடைக்காது, அதனால துண்டு பக்கத்துலயே ஒரு க்யூஆர் அட்டை வைங்க. நல்ல ஆடிட்டரா புடிங்க, அதுதான் கஷ்டம்!

பதில் 2: செலவ குறைக்கணும்னா நையாண்டி மேளத்துக்கு மைக்க விட்டுடுங்க, தவிலும் பம்பையும் தெருமுனை வரை கேக்கும். வில்லுப்பாட்டுக்கு மட்டும் பாடுறவருக்கு ஒண்ணு, குடத்துக்கு தாழ்வா ஒண்ணு. குடத்து வாய்க்கு நேரா வச்சா பூம்பூம்னு அடிச்சு பாட்டு அமுங்கிடும். ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதி குடுத்துடுங்க.

பதில் 3: துண்டுல என்ன விழுதோ பாத்துட்டு சம்பளம் பேசாதீங்கப்பா. முன்னாடியே பேசி, மேடைய விட்டு இறங்கினதும் குடுத்துடுங்க.

கேட்டவர்: சரிண்ணே. அந்த ஏழு பேருல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்கலாமா?