கலைச்சொல் உதவி: ‘கோச்சிங்’ (வியாழன் அச்சுக்குப் போகவேண்டும்)

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே கூட்டுறவுச் சங்க மேற்பார்வையாளர்களுக்கு ஒரு செயலமர்வு. கையேட்டை நான் தமிழாக்குகிறேன். கூட வேலை செய்பவரோடு அடிக்கடி இருந்து கதைத்து, அவர் தனக்கென்று ஓர் இலக்கு வைத்து அதை எட்டத் துணைசெய்வதுதான் அதில் வரும் ‘கோச்சிங்’ என்பதன் பொருள். விடை சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கவேண்டும். ஜோன் விட்மோர் 1992இல் எழுதிப் பரப்பிய நான்கு படிகளும் இதில் வருகின்றன: எதை அடைய விருப்பம், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்வீர்கள். ‘பயிற்சி’ என்று போட்டேன். “பயிற்சிக்குப் பிறகு பயிற்சி தேவை” என்று ஒரு வரி வந்து நிற்கிறது. உதவுங்கள்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதானே.

முல்லைத்தீவு, உளவளத்துணையாளர்:
ஐயா, வன்னியில் அந்தச் சொல் போருக்குப் பிறகு எங்கள் துறைக்கு வந்துவிட்டது. “உங்களை ஆற்றுப்படுத்தலுக்கு வரட்டாம்” என்று ஒரு கணக்குப்பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். தனக்கு மனதில் ஏதோ கோளாறு என்று அலுவலகம் முடிவெடுத்துவிட்டதாக நினைத்து இரவு நித்திரை கொள்ளமாட்டார். அதோடு, பரிசில் வாங்கித் திரும்புகிற பாணன் வள்ளலின் ஊரையும் போகும் வழியையும் வழியில் கிடைக்கும் சோற்றையும்கூட எதிரே வருபவனுக்குச் சொல்லிவிடுகிறான். இங்கே வழி சொல்லாமல் இருப்பதுதானே வேலை?

சென்னை, மென்பொருள் துறை:
எங்கள் பக்கம் கோச்சிங் என்றாலே நீட் வகுப்புதான் நினைவுக்கு வரும், அதனால் ‘பயிற்றுவிப்பு’ சரிப்படாது. கேள்விதான் மையம் என்றால் ‘வினவுத்துணை’ எப்படி?

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:
ஒற்று மிகாது. ஊறுகாய் போல அது வினைத்தொகை. வினவுதுணை என்றே வரும். தனிமடலில் ஒருவர் ‘தூண்டல் துணை’ அனுப்பியிருக்கிறார். முறைப்படி புணர்த்தினால் தூண்டற்றுணை. நானே இரண்டு தரம் வாசிக்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆங்கிலச் சொல்லின் மூலம் ஹங்கேரியில் ‘கோச்’ என்ற ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே வந்தது. 1830 அளவில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சையைக் கடத்திவிடும் ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் பகிடியாக அழைத்தார்கள். ஆகவே ‘ஊர்தி’ என்ற வேரிலிருந்து…

வவுனியா, வங்கி ஊழியர்:
ஐயா, நிறுத்துங்கோ! அப்படியென்றால் எங்கள் கோச்சியும் அந்த வண்டிதானே? என் அம்மம்மா ‘ரயில்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ஓடத் தொடங்கியபோதும் “கோச்சி வந்திட்டுது” என்றுதான் சொன்னா. சிங்களத்திலும் கோச்சிய. கைக்குள் சொல் இருக்க ஏன் தேடுகிறோம்? வடசொல்லே எழுத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்று தொல்காப்பியர் விட்டிருக்கிறாரே.

மன்னார், பிரதேச செயலக உத்தியோகத்தர்:
கோச்சியை விட்டு இறங்குவோம். ‘வினவு’ வேண்டவே வேண்டாம். அரச அலுவலகத்தில் மேலதிகாரி வினவினால் அடுத்து வருவது விளக்கம் கோரும் கடிதம், அதற்கடுத்தது ஒழுக்காற்று விசாரணை. கூட வேலை செய்பவர் வைக்கும் இலக்குக்குக் கையேட்டில் ‘அபிவிருத்தி இலக்கு’ என்றும் போட்டுவிடாதீர்கள். நானே அபிவிருத்தி உத்தியோகத்தர். 2015இல் ஐநா வகுத்த 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் பட்டியல் எங்கள் சுவரில் தொங்குகிறது. “உமது அபிவிருத்தி இலக்கு என்ன?” என்று கேட்டால் குடிநீர், வறுமை ஒழிப்பு என்று ஒப்புவிப்பார்கள். கணக்கறிக்கையைத் தனியே முடிக்கப் பழகவேண்டும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சென்னை:
அபிவிருத்தி எப்படியும் தமிழ் இல்லையே, மேம்பாடு என்று போடலாமே.

மன்னார்:
என் நியமனக் கடிதத்தை யார் திருத்துவது?

முள்ளியவளை, கூத்துக் கலைஞர்:
எங்கள் கோவலன் கூத்தில் ஆளைப் பார்த்துப் பாத்திரம் கொடுத்து, அரங்கேறும் வரைக்கும் கூட நிற்பவர் அண்ணாவியார். ‘அண்ணாவியம்’ என்று ஒரு சொல் ஆக்கினால் என்ன?

முல்லைத்தீவு:
அண்ணை, தாளம் பிசகினால் அண்ணாவியார் கேள்வியா கேட்பார்?

முள்ளியவளை:
அதுவும் சரிதான்.

மாங்குளம், பாடசாலை ஆசிரியை:
‘வழித்துணை’ போதாதா? யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. போகிறவர்தான் போகவேண்டும், துணை கூட வரும், அவ்வளவுதான். இலக்குக்கு ‘தேர்ச்சி இலக்கு’ என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அது எங்கள் ஆசிரியர் வழிகாட்டியின் வாடை. ‘வளர்ச்சி இலக்கு’ என்றே விடலாம்.

வவுனியா:
வழித்துணை என்றால் ஏ9இல் போகிற எங்களுக்கு முறிகண்டிப் பிள்ளையார்தான். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி… மேற்பார்வையாளருக்கு இந்த மரியாதை கொஞ்சம் அதிகம். ஆனாலும் என் வாக்கு இதற்கே.

மன்னார்:
எனக்கும் சரி. முன்னால் ‘பணி’ சேர்த்தால் பிள்ளையார் விலகிக்கொள்வார்.

சென்னை:
வினவுதுணைதான் துல்லியம். ஆனால் களைத்துவிட்டேன். சரி.

கிளிநொச்சி:
நன்றி. ‘பணி வழித்துணை’ என்று எழுதி, முதலில் வருமிடத்தில் மட்டும் ‘கோச்சிங்’ என்பதையும் பக்கத்தில் கொடுக்கிறேன். செய்பவர் வழித்துணைவர், மற்றவர் துணைபெறுநர். ‘வளர்ச்சி இலக்கு’ அப்படியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:
துணை என்பது ஆள், செயல் அல்ல. “அவர் என்னை வழித்துணைத்தார்” என்று எழுதுவீர்களா? வினையாகத் திரியாத சொல்லைக் கலைச்சொல்லாக நான் ஏற்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஊர்தி’ பற்றி நான் தொடங்கியதை ஒருவரும் முடிக்கவிடவில்லை, அதைத் தனி இழையாக எழுதுகிறேன்.