சைக்கிள் பின்வீல் கம்பி அடிக்கடி அறுகுது: வீல்செட்டே மாத்தணுமா, கோட்டம் (வீல் வளைவு) எடுத்தா போதுமா?

சுங்கான்கடை_29:
29 இஞ்ச் வீல் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்), முன்னால மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 3×8 கியர் (முன்னால 3, பின்னால 8 பல்சக்கரம்). வார நாள்ல முட்டம் கடற்கரை ரோடு, ஞாயிறு கீரிப்பாறை பக்கம் ரப்பர் எஸ்டேட் பாதை. ஆளும் பையுமா 84 கிலோ. ரெண்டு மாசத்துல பின்வீல்ல 3 போக்ஸ் கம்பி போச்சு, எல்லாம் கியர் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பி போட்டு கோட்டம் எடுத்தாச்சு. கடையில முழு வீல்செட் (முன், பின் ரெண்டு வீலும்) மாத்தச் சொல்றாங்க, வண்டி விலையில பாதி ஆகும். வண்டி லேசாகும், ஏத்தம் சுகமா இருக்கும்னும் சொல்றாங்க. மாத்தலாமா அண்ணே?

உப்புக்காத்து:
எந்த இடத்துல அறுந்ததுன்னு முதல்ல பாருங்க தம்பி. நடுவுலன்னா கல்லோ கம்போ அடிச்சிருக்கும். ஹப் (வீலோட நடுக்குடம்) ஓட்டையில மாட்டுற வளைவுலன்னா காரணம் பெரும்பாலும் கம்பியோட இழுவை (இறுக்கம்) குறைவு. வீல் சுத்தும்போது தரைக்கு நேரா வர்ற கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். ஏற்கெனவே லூசா இருக்கிற கம்பி முழுசாத் தொய்ஞ்சிடும், அந்த வளைவு ஆடி ஆடியே வெடிக்கும். பக்கத்துக் கம்பிகளும் அதே ஆட்டம் ஆடினவைதானே. அதனால ஒன்னொன்னா மாத்துறது வீண் வேலை. 32 கம்பி வீல்னா கியர் பக்கத்து 16-ஐயும் ஒரே தடவையில மாத்தணும்.

இன்னொன்னு: பெரிய பல்லுக்குப் பின்னால செயின் விழுந்து கம்பியைக் கீறியிருக்கான்னு பாருங்க. கீறல் இருந்தா டெரெய்லர்ல (செயினைப் பல்லுக்குப் பல் தள்ற கருவி) எல் ஸ்க்ரூவை (செயின் பெரிய பல்லைத் தாண்டாமத் தடுக்கிற திருகு) சரி பண்ணாம புது வீல் போட்டாலும் இதே கதைதான்.

கீரிப்பாறை_ரோடு:
கம்பிக்குச் செலவு பண்றதுக்கு முன்னால ஹப் என்ன ரகம்னு தெரியணும். வீலைக் கழட்டி, பல் அடுக்கைப் பின்பக்கமாச் சுத்துங்க. நடுவுல டூல் மாட்டுற வரிப்பல்லும் கூடவே சுத்தினா கேசட் (ஹப் பாடி மேல நழுவி ஏறுற பல் அடுக்கு), அது அசையாம நின்னா பிரீவீல் (ஹப்புல மரையால முறுக்கி ஏத்துற பல் அடுக்கு). விலை குறைஞ்ச 8 ஸ்பீடு வண்டிகள்ல பிரீவீலும் வரும். அதுல வலது பேரிங் உள்ள தள்ளி இருக்கும், அதுக்கு வெளிய அச்சு நீளமாத் தாங்கல் இல்லாம நிக்கும். எஸ்டேட் பாதைக் குலுக்கல்ல வளையறது அந்த இடம்தான். அச்சை விரல்ல சுத்திப் பாருங்க, நுனி வட்டம் போட்டா வளைஞ்சாச்சு. அந்த ஹப்புல புதுக் கம்பி கோர்க்கிறது காசுக்குக் கேடு.

உப்புக்காத்து:
லேசாகும்ங்கிற பேச்சுக்கு: நடுத்தர விலை வீல்செட்ல குறையற எடையை விட டயர்ல குறைக்கிறது சுலபம். கம்பி விளிம்பு டயரை எடுத்துட்டு மடக்கு டயர் (விளிம்புல கம்பிக்குப் பதில் மடங்குற நார்) போட்டாலே ஏத்தத்துல தெரியும். டியூப்லெஸ் ஆசை இருந்தா அதுக்குன்னு செஞ்ச ரிம் வேணும், பழைய ரிம்ல டேப் ஒட்டி முயற்சி வேண்டாம். நம்ம ஊர் வெயில்ல சீலன்ட் (டயருக்குள்ள ஓட்டை அடைக்க ஊத்துற திரவம்) சீக்கிரம் காயும், 2, 3 மாசத்துக்கு ஒருக்கா ஊத்தணும்.

சுங்கான்கடை_29:
பாத்துட்டேன். மூணும் வளைவுலதான் அறுந்திருக்கு. செயின் கீறல் இல்ல. வரிப்பல் அசையல, அப்போ பிரீவீல். அச்சு நுனியும் வட்டம் போடுது. முன்வீல் நேரா ஓடுது, கம்பி எல்லாம் இறுக்கமா இருக்கு.

கீரிப்பாறை_ரோடு:
அப்போ பின்வீல் மட்டும் மாத்துங்க, முன்வீலைத் தொட வேண்டாம். வாங்குறதுக்கு முன்னால பிரேமோட பின்கவைக்கு (வீல் அச்சு உட்கார்ற இடம்) நடுவுல அளங்க. 135 மி.மீ. க்விக் ரிலீஸ்னா (டூல் இல்லாம நெம்பிக் கழட்டுற அச்சு) அதே அளவு ஹப்தான். 148 மி.மீ. பூஸ்ட்ங்கிற அகல ஹப் மலிவாக் கிடைச்சாலும் உட்காராது. கேக்க வேண்டியது: 32 ஓட்டை, ஷிமானோ எச்.ஜி. கேசட் பாடி (கேசட் ஏறுற வரிப்பல் உருளை), 6 போல்ட் டிஸ்க் (இப்போ இருக்கிறதும் 6 போல்ட்தானான்னு எண்ணிக்கோங்க), டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம், 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. ரிம்ல 622×25ன்னு போட்டிருந்தா 25 மி.மீ. உள் அகலம், 2.25 இஞ்ச் டயருக்குத் தாராளம். பழைய கம்பி நீளம் புது ஹப்புக்குச் சேராது, ஹப்பும் ரிம்மும் வச்சுத்தான் கணக்குப் போடணும்.

உப்புக்காத்து:
நிப்பிள் (கம்பியை ரிம்ல இறுக்குற சின்ன நட்டு) பித்தளையாவே கேளுங்க. முட்டம் காத்துக்கு அலுமினிய நிப்பிள் பூத்துப்போய் ரிம்மோட ஒட்டிக்கும், கோட்டம் எடுக்கத் திருப்பினா உடையும். கடற்கரை போய்ட்டு வந்தா நல்ல தண்ணி ஊத்தித் துடைச்சா போதும், பிரஷர் வாட்டரை ஹப் பக்கம் காட்டாதீங்க.

சுங்கான்கடை_29:
பழைய பல் அடுக்கைப் புது ஹப்புல போடலாமா? செயின்?

கீரிப்பாறை_ரோடு:
பிரீவீல் மரை போட்டது, எச்.ஜி. பாடியில ஏறாது. 8 ஸ்பீடு கேசட் வாங்குங்க, ஷிஃப்டரும் (கியர் மாத்துற பிடி) டெரெய்லரும் பழசே ஓடும். பெரிய பல் இப்போ இருக்கிற எண்ணிக்கையைத் தாண்ட வேண்டாம். செயின் தேய்ஞ்சு 0.75% நீண்டிருந்தா அதையும் மாத்துங்க, இல்லாட்டி புதுப் பல்லைத் தின்னுடும். லாக்ரிங்கை (கேசட்டைப் பூட்டுற வளையம்) 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கணும், டிஸ்க் போல்ட்டுக்கு டி25 டார்க்ஸ் (நட்சத்திர முனை) டூல்.

கியர் பக்கத்து இழுவை 110 கிலோ அளவுக்கு இருக்கணும், ரிம்ல அதுக்கும் குறைஞ்ச வரம்பு போட்டிருந்தா அதுவரைதான். கோர்த்த பிறகு ஜோடி ஜோடியாக் கம்பியை அழுத்திப் பிசைஞ்சு மறுபடி கோட்டம் பார்க்கச் சொல்லுங்க. பிசையாத வீல் முதல் ஓட்டத்துலயே டிங் டிங்னு சத்தம் போட்டுத் தளரும். 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை இறுக்கம் பாருங்க.

வீலை மாட்டினதும் டிஸ்க் உரசினா, காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வுற பிரேக் பகுதி) போல்ட் ரெண்டையும் லூசாக்கி, பிரேக்கை அமுக்கிப் பிடிச்சபடியே இறுக்கிடுங்க.