தானியேல் நூலின் 'ஹேவா' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். விவிலியத்தின் தானியேல் நூலில் 2:4 முதல் 7ஆம் அதிகாரத்தின் முடிவு வரை அரமேய மொழியில் உள்ளது. அங்கே 7:3இல் கடலிலிருந்து எழும்பும் நான்கு மிருகங்களைக் குறிக்கும் 'ஹேவா' என்னும் சொல்லே, 4:12இல் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட மரத்தின் நிழலில் ஒதுங்கும் வெளியின் மிருகங்களுக்கும் வருகிறது. 'உயிர் வாழ்தல்' என்னும் வேரைச் சேர்ந்த இதன் எபிரெய இணையான 'ஹய்யா' எசேக்கியேல் 1:5இல் வரும்போது, நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு 'ஜீவன்கள்' என்கிறது. 'ஹேவா'வுக்கும் அதுவே பொருத்தமாக எனக்குப் படுகிறது. அப்படியானால், 'மிருகம்' என்றதும் நம் மனத்தில் எழும் கொடுமை என்னும் பொருள் அந்த அரமேயச் சொல்லிலேயே இருக்கிறதா, அல்லது 7:7இன் இரும்புப் பற்கள் போன்ற வருணனையால் அதன்மேல் ஏறியதா? அரமேயத்தின் கிளையான சிரியாக் மொழியோ, எபிரெய வேதத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூமோ பயின்றவர்கள், இச்சொல் வீட்டு விலங்கையும் குறிக்கும் இடங்கள் இருப்பின், வசன எண்ணுடன் தெரிவிக்க வேண்டுகிறேன்.