வீட்டுக் கடன் கைக்கு வரும் முன் வேலை மாறலாமா?

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கப் பேசி, விற்பவருக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். வங்கி சாங்ஷன் கடிதம் (கடன் அனுமதிக் கடிதம்) தந்துவிட்டது. பத்திரப்பதிவு அன்றுதான் பணம் வரும். இந்த நேரம் பார்த்து என் கணவருக்கு வேறு கம்பெனியில் நல்ல ஆஃபர். சம்பளம் கூடுதல், ஆனால் ஆறு மாதம் புரொபேஷன்.

வங்கி பார்த்ததெல்லாம் பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டும், சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் ஃபார்ம் 16 சான்றிதழும்தான். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், வேலையோ வருமானமோ மாறினால் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. கடன் ஏஜென்ட், "பதிவு முடியும்வரை வாயைத் திறக்காதீங்க மேடம்" என்கிறார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நாளைக்குத் தெரியவந்தால் யார் பதில் சொல்வது?

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதற்கே சேமிப்பு கரைந்துவிடும். கடன் நின்றுபோனால் அட்வான்ஸும் போய்விடும்.

புரொபேஷனில் இருப்பவருக்கு ஆஃபர் லெட்டரை வைத்தே வங்கி பணம் கொடுத்திருக்கிறதா? அல்லது பதிவு முடிந்தபின் சேருகிறேன் என்று புதிய கம்பெனியிடம் தேதி தள்ளிக் கேட்பது நல்லதா? நான் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை. என்னையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் பழைய அனுமதியே செல்லுமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வங்கியில் வேலை பார்ப்பவர்கள், இதே நிலையைக் கடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் ஆஃபருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.