கொழிஞ்சாம்பாறை குடும்பக் குழு: விதுரருக்குப் பார்த்த கிருஷ்ணர்

கவிதா: பழைய மகாபாரதத்தை யூடியூபில் முதலிலிருந்து பார்க்கிறேன். செல்வி அத்தை, சகுனியாக வரும் கூஃபி பெயின்டல்தான் மற்ற நடிகர்களையும் தேர்ந்தெடுத்தாராமே?

செல்வி அத்தை: ஆமாம் கண்ணு. அது அவர் பொறுப்புதான். அந்தத் தொடர் இன்றைக்கும் நிற்பது அந்தத் தேர்வால்தான்.

துரை மாமா: 1988 அக்டோபரில் ஆரம்பித்தது. ஞாயிறு காலை. நம் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. துரியோதனன் குரலைக் கேட்டாலே போதும், என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

செல்வி அத்தை: அந்தப் புனீத் இஸ்ஸாரை முதலில் பீமனாகப் போடத்தான் நினைத்தார்கள். அவரே துரியோதனன் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

சுரேஷ்: பீமனாக வந்த பிரவீன் குமார் வட்டு எறிதல் வீரர். 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம். அவர் கதாயுதத்தைத் தூக்கும் தோரணையே வேறு.

செல்வி அத்தை: கிருஷ்ணர் கதையைக் கேள். நிதீஷ் பரத்வாஜ் கால்நடை மருத்துவர். அவரை முதலில் விதுரருக்குத்தான் பார்த்தார்கள்.

கவிதா: விதுரருக்கா!! அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு?

துரை மாமா: ராமாயணத்திலும் இப்படித்தான். அரவிந்த் திரிவேதி போனது படகோட்டி வேடம் கேட்டு. அவர் நடையைப் பார்த்துவிட்டு இயக்குநர் ராமானந்த் சாகர் இவர்தான் ராவணன் என்று முடிவு செய்தார்.

துரை மாமா: அனுமாராக வந்த தாரா சிங்குக்கு அப்போது 60 வயது நெருங்குகிறது. மல்யுத்த உடம்பு, ராமர் முன்னால் வந்தால் குழந்தை மாதிரி குழைவார். எனக்குக் கண் கலங்கிவிடும்.

சுரேஷ்: இந்தியையே பேசுகிறீர்களே மாமா. மெட்டி ஒலியை விட்டுவிட்டீர்கள். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார். துண்டை உதறித் தோளில் போடும்போது நம் பெரியப்பாவைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

பிந்து அண்ணி: பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் வீட்டில் ஏஷ்யாநெட்டின் மலையாளத் தொடர் ஸ்த்ரீதான். விநயா பிரசாத் கன்னடக்காரர், ஆனால் எங்கள் அம்மாவுக்கு அவர் பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் மெட்டி ஒலி பார்த்தேன். அந்த ஐந்து பெண்களில் சரோவுக்கு மாமியாராக வந்த சாந்தி வில்லியம்ஸைப் பார்த்தால் இப்போதும் கோபம் வருகிறது.

செல்வி அத்தை: கோபம் வந்தால் தேர்வு சரி என்று அர்த்தம் பிந்து. போஸ் வெங்கட்டுக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்ட போஸ் அந்தத் தொடரில் அவர் செய்த பாத்திரம்தானே.

துரை மாமா: என்னைக் கேட்டால் சீரியலுக்குத் தெரியாத முகம்தான் சரி. பெரிய நட்சத்திரம் வந்தால் நட்சத்திரம்தான் தெரியும், பாத்திரம் தெரியாது.

செல்வி அத்தை: அப்படியானால் சித்தி? ராதிகாவைத் தெரியாதவர் யார்? இரட்டை வேடம் வேறு. 1999 கடைசியில் தொடங்கி இரண்டு வருடம், சாரதாவைத்தான் பார்த்தோமே தவிர ராதிகாவைப் பார்க்கவில்லை.

துரை மாமா: அது ராதிகா. எல்லோருக்கும் வராது.

சுரேஷ்: அத்தை சொல்வதுதான் சரி மாமா. தாரா சிங்கும் தெரிந்த முகம்தானே. முகம் பழசா புதுசா என்பதில் ஒன்றும் இல்லை, அந்த ஆளுக்குள் அந்தப் பாத்திரம் இருப்பதை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்.

துரை மாமா: தாரா சிங்கைச் சொல்லிவிட்டாய். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கவிதா: பாரதம் முடிந்ததும் எதைப் பார்க்கட்டும்?

செல்வி அத்தை: மர்மதேசம் தொடரில் விடாது கருப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். சேதன், தேவதர்ஷினி இருவரும் அதில் உண்டு. அங்கே பழகித்தான் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

கவிதா: சேதன் என்றால் மெட்டி ஒலி மாணிக்கமா?

பிந்து அண்ணி: அவரேதான். ராத்திரி தனியாகப் பார்க்காதே, நானும் வருகிறேன்.