கலைச்சொல் விவாதம்: ‘அசிஸ்டெட்-பை’ வரிக்குத் தமிழில் என்ன?

பொருள்: பங்களிப்பாளர் கையேடு – ‘அசிஸ்டெட்-பை’

வணக்கம்.

திறமூலத் திட்டத்துக்கு நிரல் அனுப்புகிறவர்களுக்கான கையேட்டின் தமிழாக்கத்தில் ஒரே ஒரு பத்தி பாக்கி. செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தி மாற்றம் அனுப்புகிறவர், கமிட் செய்தியின் (மாற்றத்தோடு பதிவாகும் குறிப்பின்) கடைசியில் ‘அசிஸ்டெட்-பை’ (‘இதன் உதவியோடு’) என்று ஒரு வரி சேர்த்து, கருவியின் பெயரையும் பதிப்பையும் எழுத வேண்டும் என்கிற பத்தி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஆவணத்தில் இந்த வடிவம் இருக்கிறது. லினக்ஸ் வெளியீடான ஃபெடோரா 2025 அக்டோபரில் ஏற்ற கொள்கையும் இதையே பரிந்துரைக்கிறது.

இதுவரை வந்தவை: உதவியவர், துணையாக்கம், இணைப்படைப்பு, செநு (செயற்கை நுண்ணறிவு) உதவி. என் விருப்பம் ‘இணைப்படைப்பு’. சுருக்கமானது, ‘கோ-ஆத்தர்ட்-பை’ வரிக்கும் சேர்த்தே பயன்படும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

—

மறு: பங்களிப்பாளர் கையேடு – ‘அசிஸ்டெட்-பை’

> ‘கோ-ஆத்தர்ட்-பை’ வரிக்கும் சேர்த்தே பயன்படும்

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ‘கோ-ஆத்தர்ட்-பை’ ஓர் ஆளை இணை ஆசிரியராகக் குறிக்கும் வரி. சில கருவிகள் கமிட் செய்யும்போது அந்த வரியில் தம் பெயரைத் தாமே எழுதிவிடுகின்றன. கவனிக்காமல் விட்டால் கருவி ஓர் ஆசிரியராகப் பதிவாகிவிடும். ‘சைன்ட்-ஆஃப்-பை’ இன்னும் கனமானது: இந்த நிரலை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புகிறவர் தரும் சான்று அது. கருவி அந்த வரியைச் சேர்க்கவே கூடாது, மனிதர் மட்டுமே அந்தச் சான்றைத் தர முடியும் என்று கெர்னல் ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, இவை மூன்று தனித்தனி வரிகள்; மூன்றுக்கும் மூன்று சொற்கள் வேண்டும்.

‘உதவியவர்’ உயர்திணை, தள்ளிவிடலாம். ‘துணையாக்கம்’ காதுக்கு இனிமைதான், ஆனால் உரிமம் பற்றிய பேச்சில் அதை வழிப்படைப்பு (ஒன்றிலிருந்து உருவாக்கிய இன்னொரு படைப்பு) என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘செநு’வை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நான் வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு கருத்தாவுக்கும் வரும், கருவிக்கும் வரும். ‘தச்சனால் செய்யப்பட்டது’, ‘உளியால் செதுக்கப்பட்டது’ இரண்டிலும் அதே ஆல். எனவே ‘இன்ன மாதிரியால் உதவப்பட்டது’ (மாதிரி: கருவிக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவு) என்று எழுதினால் அது தச்சனா உளியா என்பது தெரியாமல் போகும். ‘கொண்டு’ என்ற சொல்லுருபில் இந்தக் குழப்பம் இல்லை. அது கருவிக்கு மட்டுமே வரும். கருத்தா யார் என்பதைச் சான்று வரி சொல்லிவிடுகிறது. இந்த வரி கருவியை மட்டும் சொன்னால் போதும்.

என் பரிந்துரை: கருவித்துணை. ‘கருவித்துணை அறிவித்தாரா?’, ‘கருவித்துணை இல்லை’ என்றெல்லாம் வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது.

இன்னொன்று. உரையாசிரியர்கள் கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்று பிரிப்பார்கள். மண்ணால் குடம் வனைந்தான்: மண் குடத்திலேயே தங்கிவிடுகிறது, அது முதற்கருவி. திரிகையால் (குயவர் சக்கரத்தால்) குடம் வனைந்தான்: வேலை முடிந்ததும் திரிகை விலகிவிடுகிறது, அது துணைக்கருவி. மதிப்பாய்வு செய்கிறவர் கேட்கும் கேள்வியும் இதுதானே? மாதிரி எழுதிய வரிகள் நிரலுக்குள் தங்கியிருக்கின்றனவா, அல்லது வழுவை (நிரல் பிழையை) தேடவும் பிழைச்செய்தியைப் புரிந்துகொள்ளவும் மட்டும் பயன்பட்டதா? ஃபெடோரா கொள்கையும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் போகிறது: பங்களிப்பின் கணிசமான பகுதி கருவியிலிருந்து மாறாமல் வந்திருந்தால் அறிவிப்பது கட்டாயம், எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தத்துக்கு அறிவிப்பு தேவையில்லை.

—

மறு: மறு: பங்களிப்பாளர் கையேடு – ‘அசிஸ்டெட்-பை’

கருவித்துணைக்கு என் ஆதரவு. ஆனால் ‘முதற்கருவி’ என்று கையேட்டில் எழுதினால் பத்தில் ஒன்பது பேர் ‘முதன்மையான கருவி’ என்றுதான் படிப்பார்கள். பிரிவு சரி, பெயர் ஓடாது. ‘கருவித்துணை: ஆக்கம்’, ‘கருவித்துணை: ஆய்வு’ என்று வைத்துவிடுவோம்.

‘ஆக்கம்’ என்று குறித்தவரிடம் நாம் எதிர்பார்ப்பதையும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும். வரியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு.

சோதனைகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நிரலையும் சோதனையையும் ஒரே மாதிரியிடம் எழுத வாங்கினால், நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரியென்று உறுதிப்படுத்தும் சோதனைதான் பெரும்பாலும் வரும். பிழை இரண்டிலும் ஒன்றாக இருக்கும், எல்லாச் சோதனையும் பச்சையாக, அதாவது வென்றதாகத் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: திருத்தத்தை மட்டும் பின்வாங்கிவிட்டுச் சோதனையை ஓட்டுவது. சோதனை தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அது எதையும் சோதிக்கவில்லை.

புதிய சார்புத் தொகுப்பு (நிரல் நம்பியிருக்கும் வெளி நிரல் தொகுப்பு) சேர்க்கப்பட்டிருந்தால், நிறுவும் முன்பே அதன் பெயரைத் தொகுப்புக் களஞ்சியத்தில் தேடிப் பார்க்க வேண்டும். மாதிரிகள் இல்லாத தொகுப்புப் பெயர்களை நம்பும்படி சொல்லும். அந்தப் பெயரை யாராவது முன்கூட்டியே பதிவுசெய்து தீநிரலை வைத்திருந்தால், நிறுவும் கட்டளையே வாசலைத் திறந்துவிடும். எனவே பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எப்போது வெளியானது, மூலநிரல் எங்கே, யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மதிப்பாய்வாளர் ‘இந்த நிபந்தனை ஏன்?’ என்று கேட்டால், அதை மாதிரியிடம் ஒட்டி, வந்த பதிலை இங்கே ஒட்டுவதும் கூடாது. பதில் அனுப்பியவருடையதாக இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பலாம்.

பாதுகாப்பு வழு அறிக்கைக்கு இன்னும் கடுமை வேண்டும்: மறுபடி உண்டாக்கிக் காட்டும் படிகள் இல்லாத அறிக்கையை ஏற்க வேண்டாம். போலி அறிக்கைகளின் சுமை தாங்காமல்தான் தரவுப் பரிமாற்றக் கருவியான கர்லின் திட்டம் 2026 ஜனவரியோடு வழுக்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. அதே திட்டம், செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு பிறர் கண்டறிந்த உண்மையான வழுக்களை நன்றியோடு ஏற்றும் இருக்கிறது.

—

மறு: மறு: மறு: பங்களிப்பாளர் கையேடு – ‘அசிஸ்டெட்-பை’

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. கமிட் செய்தியில் அந்த வரியின் தொடக்கச் சொல்லை, அதாவது சாவியை, தமிழில் எழுதச் சொல்லிவிடாதீர்கள். நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருள், ட்ரெய்லர் (செய்தியின் இறுதியில் வரும் இத்தகைய வரி) சாவியில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். ‘கருவித்துணை:’ என்று தொடங்கினால் அது வெறும் உரைதான்; பிறகு அதை ட்ரெய்லர் சாவியாகக் கொண்டு வரலாற்றில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சாவி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நம் சொல் கையேட்டிலும் உரையாடலிலும் வாழட்டும்.

அந்த வரிக்கு இடமும் முக்கியம்: செய்தியின் கடைசிப் பத்தியில், மேலே ஒரு வெற்று வரியோடு இருக்க வேண்டும். பல கமிட்டுகளை ஒன்றாக்கி இணைக்கும்போது செய்தி புதிதாக எழுதப்படுவதால் அந்த வரி காணாமல் போகலாம், அல்லது நடுவில் சிக்கிக்கொள்ளலாம். இணைக்கிற பராமரிப்பாளர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த அனுமதி எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தாது என்பதையும் கையேட்டில் ஒரு வரியில் சொல்லுங்கள். லினக்ஸ் வெளியீடான ஜென்டூ 2024 ஏப்ரலிலேயே மாதிரி உருவாக்கிய பங்களிப்புகளைத் தடைசெய்துவிட்டது. மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஎமு 2025இல் மறுத்தது. அங்கே ‘கருவித்துணை: ஆக்கம்’ என்று நேர்மையாக எழுதினாலும் நிரல் திரும்பிவிடும். முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் படிக்க வேண்டும்.

—

மறு: மறு: மறு: மறு: பங்களிப்பாளர் கையேடு – ‘அசிஸ்டெட்-பை’

‘ஸ்லாப்’ (கருவி கொட்டும் தரமற்ற ஆக்கம்) என்பதற்கும் சொல் கேட்டிருந்தார்கள். ‘சக்கை’ பொருத்தம்தான், ஆனால் கையேட்டில் வேண்டாம். புதிதாக வருகிறவரின் முதல் பேட்சை (அனுப்பிய மாற்றத்தை) பார்த்து யாராவது அந்தச் சொல்லை வீசுவார்கள். ‘சரிபார்க்காத கருவி ஆக்கம்’ என்று நீட்டியே எழுதுவோம். அது செயலைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை.

இடைமுக மொழிபெயர்ப்புக்கு நமக்குத் தனி வரியே தேவையில்லை. மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் கோப்பில் ‘ஃபஸி’ (இன்னும் உறுதியாகாதது) குறி இருக்கிறதே, அது போதும். கருவி தந்த தமிழ்ச் சரம் (உரைத்துண்டு) ஒவ்வொன்றும் ஃபஸியாகவே உள்ளே வரட்டும். அந்தக் கோப்பைத் தொகுக்கும் நிரலான எம்எஸ்ஜிஎஃப்எம்டி, தொகுக்கும்போது அவற்றை இயல்பாகவே விட்டுவிடும் என்பதால் பயனருக்கு ஆங்கிலம்தான் தெரியும், தவறான தமிழ் தெரியாது. ஒருவர் படித்துச் சரிபார்த்த பிறகு குறியை நீக்கலாம். அப்படிப் பார்க்கும்போது இடப்பிடிப்பான்களில் (பெயர், எண் போன்றவை வந்து அமரும் குறிகளில்) கண் வையுங்கள்: தமிழில் சொல் வரிசை மாறுவதால் கோப்பின் பெயரும் எண்ணிக்கையும் இடம் மாறும், கருவி அவற்றுக்கு வரிசை எண் கொடுக்காமல் விட்டிருந்தால் நிரல் ஓடும்போதே உடையலாம்.

கையேட்டுக்கான வரைவு:

“கருவித்துணை – மாற்றத்தை உருவாக்கப் பயன்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவியின் பெயர், பதிப்பு. கருவி எழுதிய வரிகள் மாற்றத்தில் தங்கியிருந்தால் ‘ஆக்கம்’ என்றும், தேடவும் புரிந்துகொள்ளவும் மட்டும் பயன்பட்டிருந்தால் ‘ஆய்வு’ என்றும் குறிக்கவும். ஆக்கம் எனில் அறிவிப்பது கட்டாயம். ஆய்வு எனில் விருப்பம். சான்று வரியில் அனுப்புகிறவரின் பெயர் மட்டுமே வரும்.”

‘விருப்பம்’ என்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பாதுகாப்பு வழு அறிக்கைகளுக்காவது ஆய்வையும் கட்டாயமாக்கலாம். மற்றவர்கள் சொல்லுங்கள்.