நீல விளக்கை நம்பி மூன்று வருஷம்

அம்பத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டுக்கு வருவது மெட்ரோ தண்ணீர். கோடையில் சம்ப்பில் போர் தண்ணீரும் கலக்கும். கைக்குழந்தை இருக்கிறதே என்று, புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யூவி ஃபில்டர் மாட்டினோம். நீல விளக்கு எரிந்தால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போன ஆடியில் சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டே வாரத்தில் மறுபடியும். டாக்டர் என்ன தண்ணீர் என்று கேட்டபோது, கொஞ்சம் பெருமையாகவே "ஃபில்டர் தண்ணீர்தான்" என்றேன். "கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சர்வீஸ் தம்பி வந்து எஃகுக் குழாயைக் கழற்றினார். விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் குழாய், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடி போல வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. "இதைத் தாண்டி கதிர் எப்படிண்ணா தண்ணிக்குப் போகும்?" என்றார். விளக்கும் செத்ததுதானாம். எரிகிறதே தம்பி என்றேன். கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, கிருமியின் டிஎன்ஏவைக் குலைக்கும் 254 நானோமீட்டர் கதிர் வேறு. அது கண்ணுக்கே தெரியாது. ஏறக்குறைய 9000 மணி நேரம் ஓடியபின் நீலம் நிற்கும், கதிர் தேய்ந்துவிடும். எங்களுடையது ராப்பகலாக எரியும் ரகம். அப்படியானால் ஒரு வருஷத்துக்கு ஒரு விளக்கு. நாங்கள் ஓட்டியது மூன்று வருஷம்.

நோய்க்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாட்டி வாங்கித் தந்த குச்சி ஐஸாகவும் இருக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து:

இதைப் படித்துவிட்டு யாரும் மூடியைக் கழற்றி விளக்கை எட்டிப் பார்த்துவிடாதீர்கள். நான் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல், கண்ணீராகக் கொட்டுகிறது. மச்சான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பார்த்ததுமே "மாப்ளே, இது வெல்டிங் பாத்த கண்ணுல்லா" என்றார். கண் டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன்.

வேலூரிலிருந்து:

நான் லேபில் தண்ணீர் சோதிப்பவள். ஒரு வீட்டில் ஃபில்டரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் சுத்தம். அதே தண்ணீரைக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார்கள், கோலிஃபார்ம் இருந்தது, அதாவது தண்ணீரில் அசுத்தம் சேர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா. குளோரின் என்றால் தண்ணீரோடு கூடவே போய்க் கொஞ்ச நேரம் காவல் இருக்கும். யூவி பின்னால் எதையும் விட்டுவைப்பதில்லை. குடத்துக்குள் கையும் சொம்புமாக விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அந்த உப்புப் படிவுக்கு ஒருவர் அழகாக வழி கண்டிருக்கிறார். 1992 கடைசியில் சென்னையில் தலைகாட்டிய புது ரகக் காலரா வங்கம் வரை பரவியது. அதைக் கண்டு, கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த அசோக் காட்கில் கிராமங்களுக்கு ஏற்ற யூவி கருவி ஒன்று செய்தார். விளக்கைத் தண்ணீரில் முக்கவே இல்லை. மேலே மாட்டி, அடியில் தண்ணீரை ஓடவிட்டார், நிமிஷத்துக்கு 15 லிட்டர். தண்ணீர் படாத விளக்கில் உப்பு எங்கே படியும்?

அம்பத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டிலும் குடமும் சொம்பும்தான்! சரி, குழாய் வைத்த டிரம் வாங்கிவிடுகிறேன். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. மண்பானை ருசி வராது என்பார்.

திருநெல்வேலியிலிருந்து:

மண்பானையே குழாய் வைத்து விற்கிறார்களே அண்ணாச்சி.